இயற்கை நிலைன்னா என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒரு தடவை கூடி உக்காந்து அரசியல் தத்துவம் படிக்கிற ஒரு சின்ன குழுவுல நான் இருக்கேன். புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல முட்டி நிக்கிற இடம் இந்த "இயற்கை நிலை" தான். ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லி சொல்லி வாய் வலிச்சு போச்சு, அதனால வழக்கமா வர்ற சந்தேகங்களை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். கேள்விகள் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு. கீழ போக போக கொஞ்சம் சிக்கலாகும்.

இயற்கை நிலைன்னா காடு, மலை, சுற்றுச்சூழல் பத்தினதா?

இல்லைங்க. இந்த பேரே பாதி குழப்பத்துக்கு காரணம். அரசு, சட்டம், போலீஸ், கோர்ட், வரி எதுவுமே இல்லைன்னா மனுஷங்க ஒருத்தரோட ஒருத்தர் எப்படி இருப்பாங்க, அந்த நிலைக்கு வச்ச பேரு தான் இது. இங்க இயற்கைங்கிறது செயற்கைக்கு எதிர்ச்சொல். அரசுங்கிறது மரம் மாதிரி தானா முளைச்சது இல்ல, மனுஷங்க செஞ்சு வச்சது, அதனால அது இல்லாத நிலை இயற்கை நிலை. பெரிய நகரத்துக்கு நடுவுல கூட இயற்கை நிலை வரலாம், அடர்ந்த காட்டுக்குள்ள அரசு இருக்கலாம்.

நான் இதை ஒரு கழித்தல் கணக்குன்னு தான் சொல்லுவேன். அரசு இருக்கிறதால உங்ககிட்ட இருக்கிறதை எல்லாம் ஒவ்வொண்ணா கழிச்சிட்டே வாங்க. அடையாள அட்டை போகட்டும், நிலப் பத்திரம் போகட்டும், பர்ஸ்ல இருக்கிற நோட்டு வெறும் காகிதம் ஆகட்டும், யாராவது அடிச்சா புகார் குடுக்க போற இடமும் போகட்டும். கடைசியா மிச்சம் என்ன நிக்குது? பயந்து போன ஒரு மிருகமா, நியாயம் தெரிஞ்ச ஒரு ஆளா, இல்ல யாரை பத்தியும் கவலைப்படாம திரியிற ஒரு ஜீவனா? இதை பத்தி எழுதின ஐரோப்பிய தத்துவவாதிங்க ஹாப்ஸ், லாக், ரூசோ மூணு பேரும் அடிச்சிக்கிறது இந்த மிச்சத்தை பத்தி தான். இன்னும் சரியா சொன்னா கழிக்கிறதை எங்க நிறுத்தணும்ங்கிறதை பத்தி.

அதான் அரசு இருக்கே, இல்லாத ஒண்ணை ஏன் கற்பனை பண்ணணும்?

ஒருத்தன் உங்க வாசல்ல வந்து நின்னு "சம்பாத்தியத்துல ஒரு பங்கு குடு, இல்லைன்னா பிடிச்சு அடைச்சிடுவேன்"னு சொன்னா அவன் கொள்ளைக்காரன். அதையே அரசு சொன்னா அதுக்கு பேரு வரி. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? "அது அரசாங்கமாச்சே"ன்னு சொன்னா அது பதில் இல்ல, கேள்வியவே திருப்பி சொல்றது. அரசு இல்லைன்னா நமக்கு என்ன குறையும்னு காட்டினா தான் அது நம்மகிட்ட கீழ்ப்படிதல் கேட்கிறதுல நியாயம் இருக்கா இல்லையான்னு பேசவே முடியும்.

முன்னாடி இதுக்கு ரெடிமேடா ஒரு பதில் இருந்துச்சு, ராஜா கடவுள் வச்ச ஆளு, அவ்ளோ தான். இங்கிலாந்துல ஃபில்மர்னு ஒருத்தர் கடவுள் ஆதாமுக்கு குடுத்த தகப்பன் அதிகாரம் வழிவழியா ராஜாக்களுக்கு வந்திருக்குன்னு எழுதினாரு, அவர் செத்து பல வருஷம் கழிச்சு 1680-ல அது புத்தகமா வந்துச்சு. அரசாங்கத்தை பத்தி லாக் எழுதின ரெண்டு ஆய்வுரைகள்ல முதலாவது முழுக்க ஃபில்மரை கிழிச்சு தொங்க விடுறது தான். கடவுள், ஆதாம் எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டா அதிகாரத்தை எங்க இருந்து ஆரம்பிக்கிறது? சமமான மனுஷங்க கிட்ட இருந்து தானே. அதுக்கு தான் இந்த கற்பனை.

ஹாப்ஸ் மனுஷன் கெட்டவன்னு சொன்னாரு, ரூசோ நல்லவன்னு சொன்னாரு, அவ்ளோ தானே?

பரீட்சைக்கு இது போதும், ஆனா தப்பு. ஹாப்ஸ் மனுஷனோட ஆசைகளும் உணர்ச்சிகளும் தன்னளவுல பாவம் இல்லைன்னு வெளிப்படையாவே எழுதியிருக்காரு. அவர் 1651-ல வெளியிட்ட லெவியத்தான் புத்தகத்தோட 13-வது அத்தியாயத்தை ஒரு தடவை பொறுமையா படிச்சா போதும், அங்க கெட்டவங்களை விட பயந்தவங்க தான் அதிகம்.

அவர் கணக்கு சமத்துவத்துல ஆரம்பிக்குது. எவ்ளோ பலசாலியா இருந்தாலும் தூங்கித்தானே ஆகணும், அப்போ நோஞ்சான் ஒருத்தன் தந்திரமாவோ நாலு பேரை சேர்த்துக்கிட்டோ அவனை கொன்னுடலாம், அதனால யாரும் யாரை விடவும் பத்திரமா இல்ல. சண்டைக்கு மூணு காரணம் சொல்றாரு: ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் போட்டி போடுறது, ஒருத்தரை ஒருத்தர் நம்பாதது, கௌரவம். இதுல நடுவுல இருக்கிறது தான் விஷம். பக்கத்து பக்கத்துல ரெண்டு குடும்பம் இருக்குன்னு வைங்க, ரெண்டுமே நல்ல குடும்பம் தான். போலீஸ் கிடையாது. எனக்கு உங்களை தாக்குற எண்ணம் இல்ல, உங்களுக்கும் இல்ல, ஆனா உங்களுக்கு இல்லைங்கிறது எனக்கு எப்படி தெரியும்? நான் பயந்து போய் ஒரு கத்தி செஞ்சு வைக்கிறேன், அதை நீங்க பாக்குறீங்க, நீங்க ரெண்டு செய்றீங்க, அதை பாத்துட்டு எனக்கு ராத்திரி தூக்கம் போகுது, காத்திருந்து சாகிறதை விட முந்திக்கிறது புத்திசாலித்தனம்னு தோணுது. கெட்டவன் ஒருத்தன் கூட இல்லாமலே ரத்தம் வந்தாச்சு.

"இது மனுஷனை ரொம்ப கேவலமா பாக்குறது"ன்னு சொல்றவங்களுக்கு அவரே அங்க பதில் வச்சிருக்காரு. பயணம் போறப்போ ஆயுதம் எடுத்துட்டு போறே, தூங்கப் போறப்போ கதவை பூட்டுறே, வீட்டுக்குள்ளயே பெட்டியை பூட்டி வைக்கிறே, அதுவும் சட்டமும் காவலும் இருக்கிறப்பவே. என் வார்த்தையில நான் செய்ற அதே குற்றச்சாட்டை நீ உன் செயல்ல செய்யலையான்னு கேட்கிறாரு. (பூட்டு உதாரணம் சொன்னது ஹாப்ஸ் தான், லாக் இல்ல. பேரை வச்சு குழப்பிக்கிறவங்க நிறைய பேர், அதனால சொல்றேன்.)

அப்போ அவர் சொல்ற இயற்கை நிலையில 24 மணி நேரமும் வெட்டு குத்து தானா?

இல்ல, இதுக்கு அவர் குடுக்கிற உவமை எனக்கு ரொம்ப பிடிக்கும். மோசமான வானிலைன்னா ரெண்டு தூறல் விழுறது இல்ல, பல நாளைக்கு மழை வரும் போலவே வானம் மூடி கிடக்கிறது. போரும் அப்படித்தான், நிஜமா அடிச்சிக்கிறது மட்டும் போர் இல்ல, எப்ப வேணா அடிச்சிக்கலாம்ங்கிற நிலை நீடிக்கிற காலம் முழுக்க போர்.

அந்த மூட்டத்துக்குள்ள எதுவும் நடக்காது. விதைச்சா அறுவடை யாருக்குன்னு தெரியாது, அதனால விவசாயம் இல்ல, கப்பல் இல்ல, நல்ல கட்டடம் இல்ல, கலை இல்ல, எழுத்து இல்ல. கடைசியா அந்த பிரபலமான வரி வரும்: தனிமையும் வறுமையுமா, அருவருப்பா, மிருகத்தனமா, குறுகி முடியிற வாழ்க்கை. எல்லாரும் இந்த வரியை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி இருக்கிற விதைப்பு அறுவடை வாதத்தை விட்டுடுறாங்க. எனக்கு அது தான் உயிர் நாடின்னு தோணும், ஏன்னா அங்க மனுஷன் இழக்கிறது உயிரை மட்டும் இல்ல, நாளைக்குங்கிறதையே இழக்கிறான்.

ஹாப்ஸுக்கு ஏன் இவ்ளோ பயம்?

1588-ல ஸ்பெயின் கப்பற்படை வருதுன்னு இங்கிலாந்தே நடுங்கிட்டு இருந்தப்போ பிறந்தவர். நானும் பயமும் இரட்டைப் பிள்ளைங்கன்னு பின்னாடி அவரே கவிதையில எழுதினாரு. 1640-ல பாரிஸுக்கு ஓடிப்போய் 11 வருஷம் அங்கயே இருந்தாரு, அதுக்குள்ள 1642-ல உள்நாட்டுப் போர் வெடிச்சு, 1649-ல ராஜா முதலாம் சார்லஸோட தலையையே வெட்டிட்டாங்க. அரசு கலைஞ்சா என்ன ஆகும்ங்கிறது அவருக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்ல. ஆனா அவர் வாதம் சரியா தப்பாங்கிறதை அவர் வாழ்க்கையை வச்சு முடிவு பண்ணாதீங்க, அது சோம்பேறித்தனம்.

லாக் சொல்றது எப்படி வேற?

லாக் கழிக்கிறதை சீக்கிரமே நிறுத்திடுறாரு. அரசை எடுத்துட்டாலும் மனுஷன்கிட்ட பகுத்தறிவு மிச்சம் இருக்கும், இன்னொருத்தனோட உயிரையோ உடம்பையோ சுதந்திரத்தையோ உடைமையையோ கெடுக்கக் கூடாதுன்னு அதுவே சொல்லும், அது தான் இயற்கைச் சட்டம்ங்கிறாரு. 1689-ல (அட்டையில 1690-ன்னு போட்டு) தன் பேரை போடாமலே வெளியிட்ட ரெண்டாவது ஆய்வுரையில இயற்கை நிலை வேற, போர் நிலை வேறன்னு ஹாப்ஸ் பேரை சொல்லாமலே பிரிச்சு காட்டுறாரு.

அப்போ அரசு எதுக்கு? இங்க தான் லாக் கெட்டிக்காரர். உங்க வேலி ஓரத்துல நட்ட எல்லைக்கல்லை யாரோ நகர்த்திட்டாங்கன்னு வைங்க. தப்பு செஞ்சவனை தண்டிக்கிற உரிமை இயற்கை நிலையில எல்லாருக்குமே உண்டு, அதனால நீங்களே கிளம்புறீங்க. ஆனா நகர்த்தினது அவன் தானான்னு முடிவு பண்றதும் நீங்க, எவ்ளோ தண்டனைன்னு முடிவு பண்றதும் நீங்க, கோவத்துல இருக்கிறதும் நீங்களே. ரெண்டு அடி நிலத்துக்கு அவன் கையை உடைச்சிட்டு வருவீங்க, அவன் சொந்தக்காரன் உங்க காலை உடைக்க வருவான், அவனும் நியாயம்னு நம்பித்தான் வருவான். எல்லாருக்கும் தெரிஞ்ச நிலையான சட்டம், பாரபட்சம் இல்லாத நீதிபதி, தீர்ப்பை நடத்தி வைக்கிற பலம், இந்த மூணும் அங்க இல்ல. ஹாப்ஸுக்கு அரசு இல்லாதது பேரழிவு, லாக்குக்கு அது ஒரு இடைஞ்சல், அவர் பயன்படுத்துற வார்த்தையே அது தான்.

இதனால முடிவும் மாறுது. பேரழிவுல இருந்து தப்பிச்சவன் எந்த அரசனா இருந்தாலும் கும்பிட்டுக்குவான். இடைஞ்சலை தீர்க்க ஆள் வச்சவன், அந்த ஆள் சரியா வேலை செய்யலைன்னா மாத்திடுவான்.

அரசே இல்லைன்னா சொத்துன்னு ஒண்ணு எப்படி இருக்கும்?

ஹாப்ஸ் இருக்காதுன்னு சொல்லிடுவாரு, கையில வச்சிருக்கிற வரைக்கும் தான் உன்னோடது. லாக் இருக்கும்ங்கிறாரு. என் உடம்பு என்னோடது, அதோட உழைப்பு என்னோடது, பொதுவா கிடக்கிற ஒண்ணுல என் உழைப்பை கலந்தா அது என்னோடது ஆகும். மரத்துல இருந்து பழத்தை பறிச்ச அந்த நொடியே அது பறிச்சவனோடது. ரெண்டு கட்டுப்பாடும் வைக்கிறாரு, மத்தவங்களுக்கு அதே அளவு அதே தரத்துல மிச்சம் இருக்கணும், எடுத்தது அழுகிப் போக விடக்கூடாது. அப்புறம் பணத்தை கொண்டு வந்து, தங்கமும் வெள்ளியும் அழுகாதுல்ல, அதனால எவ்ளோ வேணா சேர்க்கலாம்னு அந்த ரெண்டாவது கட்டுப்பாட்டை தானே தளர்த்தி விட்டுடுறாரு.

இந்த இடத்தை அப்பாவியா படிக்காதீங்க. "ஆதியில உலகம் முழுக்க அமெரிக்காவா தான் இருந்துச்சு"ன்னு அதே அத்தியாயத்துல எழுதுறாரு. வேலி போட்டு உழாத நிலம் வீணா கிடக்கிற நிலம்னா, அமெரிக்காவுல வேட்டையாடி வாழ்ந்த பூர்வகுடிகளோட நிலம் யாரோடது? யார் வந்து உழுறானோ அவனோடது. லாக் கரோலினா காலனியோட உரிமையாளர்களுக்கு செயலாளரா வேலை பார்த்தவர், அடிமை வியாபாரம் செஞ்ச ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில முதலீடும் வச்சிருந்தவர். ஹாப்ஸ் விஷயத்துல வாழ்க்கையை வச்சு முடிவு பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு இங்க மட்டும் ஏன் இழுக்கிறேன்னா, இங்க வாதத்துக்குள்ளயே காலனி வந்து உக்காந்திருக்கு.

ரூசோ எல்லாரும் காட்டுக்கே திரும்பி போங்கன்னு தானே சொன்னாரு?

சொல்லவே இல்ல. 1755-ல ஏற்றத்தாழ்வை பத்தின அவர் புத்தகம் வந்தப்போ எழுத்தாளர் வால்டேர் இதை படிச்சா நாலு கால்ல நடக்கணும் போல ஆசை வருதுன்னு கிண்டலா லெட்டர் எழுதினாரு, அந்த கிண்டல் தான் இன்னைக்கு வரைக்கும் ரூசோவோட கருத்தா ஓடிட்டு இருக்கு. சமூகத்தை அழிச்சிட்டு கரடிகளோட வாழ காட்டுக்கு போகணுமான்னு அந்த புத்தகத்தோட குறிப்புலயே அவர் கேட்டு, இது என் எதிரிங்க எடுக்கிற முடிவுன்னு ஒதுக்கிடுறாரு. "உன்னத காட்டுமிராண்டி"ங்கிற தொடரும் அவரோடது இல்ல, அது 17-ம் நூற்றாண்டு ஆங்கில நாடகம் ஒண்ணுல ட்ரைடன் எழுதினது.

டிஜோன் நகர அகாடமி மனுஷங்களுக்குள்ள ஏற்றத்தாழ்வு எப்படி வந்துச்சுன்னு ஒரு போட்டிக் கேள்வி வச்சாங்க, அதுக்கு எழுதினது தான் இது. ரூசோ மத்த ரெண்டு பேரையும் விட ரொம்ப ஆழமா கழிக்கிறாரு. மொழியை கழிக்கிறாரு, குடும்பத்தை கழிக்கிறாரு, பெருமையை கழிக்கிறாரு. மிச்சம் நிக்கிறது தன்னை காப்பாத்திக்கிற உணர்வும், இன்னொரு உயிர் துடிக்கிறதை பாக்க சகிக்காத இரக்கமும் மட்டும் தான். இவன் நல்லவனும் இல்ல கெட்டவனும் இல்ல, அந்த வார்த்தைகளே அவனுக்கு தெரியாது. ஹாப்ஸ் கௌரவத்துக்காக சண்டை போடுறவனை இயற்கை மனுஷன்னு காட்டினது தப்பு, அது சமூகத்துல வாழ்ந்து கத்துக்கிட்ட வியாதி, அதை கழிக்க மறந்துட்டாருங்கிறது தான் ரூசோவோட குற்றச்சாட்டு.

அந்த வியாதி எப்படி ஆரம்பிக்குதுன்னு அவர் காட்டுற காட்சி அருமையானது. குடிசைகளுக்கு முன்னாடி ஒரு பெரிய மரத்தை சுத்தி கூடி ஆடி பாடுறாங்க. ஒவ்வொருத்தரும் மத்தவங்களை பாக்குறாங்க, தன்னையும் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க. நல்லா பாடுறவன், அழகா ஆடுறவன், அழகா இருக்கிறவன்னு ஒரு வரிசை உருவாகுது. ஏற்றத்தாழ்வுக்கு முதல் படி இதுங்கிறாரு. லைக் எண்ணிட்டு இருக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அதுக்கப்புறம் தான் இரும்பும் கோதுமையும் வருது, ஒருத்தன் நிலத்தை வளைச்சு போட்டு "இது என்னோடது"ன்னு சொல்றான், அதை நம்புற அப்பாவிங்களும் அவனுக்கு கிடைக்கிறாங்க.

இது நிஜமாவே நடந்ததா, எந்த காலம்?

மூணு பேருமே இதை சரித்திரமா நிரூபிக்க உக்காரல. உலகம் முழுக்க ஒரே நேரத்துல இப்படி இருந்திருக்கும்னு நான் நம்பலைன்னு ஹாப்ஸ் எழுதுறாரு, உள்நாட்டுப் போர்ல விழுந்த நாட்டை பாத்தாலே தெரியும்ங்கிறாரு. ரூசோ எடுத்த எடுப்புலயே உண்மைச் சம்பவங்களை எல்லாம் ஒதுக்கி வச்சிட்டு ஆரம்பிப்போம்ங்கிறாரு. லாக் மட்டும் கொஞ்சம் சரித்திர வாசனையோட பேசுவாரு.

ஆனா சரித்திரமே இல்லைன்னு சொல்லி முழுசா தப்பிக்கவும் முடியாது. நம்ம இனம் சுமார் 3 லட்சம் வருஷமா இருக்கு, அரசுன்னு சொல்லத்தக்கது மெசபடோமியாவுல வந்து 5,000 வருஷத்துக்கு கொஞ்சம் மேல தான் ஆகுது. மீதி காலம் முழுக்க அரசு இல்லாம தான் ஓடியிருக்கு. அதுல யாரும் ஹாப்ஸ் சொன்ன மாதிரி தனித்தனியா வாழல, கூட்டமா வாழ்ந்தாங்க, சொந்தம், பகை, பரிசு, பழிக்குப் பழி எல்லாம் இருந்துச்சு. அப்போதைய சூடான்ல (இப்போ தெற்கு சூடான்) இருந்த நூயர் மக்களை பத்தி மானுடவியலாளர் இவான்ஸ் பிரிட்சார்ட் 1940-ல எழுதின புத்தகம் இதுக்கு நல்ல உதாரணம், அங்க அரசாங்கம் இல்ல, ஆனா யார் யாரோட சண்டைக்கு போகலாம், எத்தனை மாடு குடுத்து சமாதானம் ஆகலாம்ங்கிறதுக்கு ஒழுங்கு இருந்துச்சு. அதாவது அரசை கழிச்சா ஒழுங்கும் சேர்ந்து போயிடும்ங்கிற ஊகம் அங்க அடி வாங்குது.

சமீப காலத்துல யாராவது அரசு இல்லாம மாட்டிக்கிட்ட உதாரணம் இருக்கா?

ரெண்டு தீவு கதை சொல்றேன், ரெண்டுமே பசிஃபிக் கடல்ல. பவுன்டி கப்பல்ல கலகம் பண்ண 9 பிரிட்டிஷ் மாலுமிங்க, 6 பாலினேசிய ஆம்பளைங்க, பத்துப் பன்னிரண்டு பொண்ணுங்க 1790-ல ஆள் இல்லாத பிட்கேர்ன் தீவுல இறங்கி கப்பலை எரிச்சிட்டாங்க. தண்ணி இருக்கு, விளையிற மண் இருக்கு, துரத்த யாரும் இல்ல. 1793-ல கொலை ஆரம்பிச்சுது, 1808-ல ஒரு அமெரிக்க கப்பல் தற்செயலா அங்க போனப்போ அந்த 15 ஆம்பளைங்கள்ல உயிரோட இருந்தது ஒரே ஒருத்தர், ஜான் ஆடம்ஸ். இன்னொரு தீவு ஆட்டா. 1965-ல டோங்கா நாட்டு பள்ளிப் பசங்க 6 பேர் ஒரு படகை எடுத்துட்டு ஓடிப்போய் புயல்ல மாட்டி அங்க ஒதுங்கினாங்க. 15 மாசம் இருந்தாங்க, ஜோடி ஜோடியா வேலையை பிரிச்சுக்கிட்டாங்க, மூட்டின தீயை அணைய விடல, ஒருத்தனுக்கு கால் உடைஞ்சப்போ கட்டு போட்டு அவன் வேலையையும் சேர்த்து பார்த்தாங்க, 6 பேரும் உயிரோட திரும்பினாங்க.

முதல் கதையை சொல்லி ஹாப்ஸ் ஜெயிச்சிட்டாரும்பாங்க, ரெண்டாவதை சொல்லி தோத்துட்டாரும்பாங்க. நான் ரெண்டையும் ஒத்துக்க மாட்டேன். பிட்கேர்ன்ல நிலத்தை 9 பங்கா பிரிச்சாங்க, அத்தனையும் பிரிட்டிஷ்காரங்களுக்கு, பாலினேசியர்களை வேலைக்காரங்களா நடத்தினாங்க, அவங்க மனைவிகளையும் பறிச்சாங்க. அவங்க எதையும் கழிக்காம பழைய உலகத்தோட எஜமான் வேலைக்காரன் வரிசையை அப்படியே படகுல ஏத்திட்டு வந்து இறங்கினாங்க. பசங்களும் கழிக்கல, அவங்க சிநேகிதத்தையும் சேர்ந்து ஜெபம் பண்ற பழக்கத்தையும் ஏத்திட்டு வந்தாங்க.

ஐரோப்பாக்காரங்க மட்டும் தான் இதை யோசிச்சாங்களா?

இல்லவே இல்ல. பெரிய மீன் சின்ன மீனை தின்னுற மச்ச நியாயம் நம்ம எல்லாருக்கும் கேள்விப்பட்ட வார்த்தை தான். அர்த்தசாஸ்திரத்துல மச்ச நியாயத்துல தவிச்ச மக்கள் மனுவை ராஜாவாக்கி, தானியத்துல ஆறுல ஒரு பங்கும் வியாபாரப் பொருள்ல பத்துல ஒரு பங்கும் தர்றதா ஒத்துக்கிட்டாங்கன்னு வரும். இதுல ரசிக்க வேண்டியது என்னன்னா, இந்த வாதத்தை ஜனங்க கூடுற இடத்துல நின்னு பேச சொல்றது ராஜாவோட ஒற்றர்களை. வரி மேல கோவத்துல இருக்கிறவங்களை சமாதானப்படுத்துற பிரசாரமா அது வருது. ரெண்டாவது கேள்வியில பார்த்த கொள்ளைக்காரன் சந்தேகம் அப்பவே இருந்திருக்கு பாருங்க.

பாலி மொழியில இருக்கிற அக்கஞ்ஞ சுத்தம்ங்கிற பௌத்த நூல் கிட்டத்தட்ட ரூசோ மாதிரி. தானா விளைஞ்ச நெல்லை தினமும் தேவைக்கு எடுத்துட்டு இருந்தவங்கள்ல ஒரு சோம்பேறி ரெண்டு வேளைக்கும் சேர்த்து எடுக்கிறான், அதை பாத்து எல்லாரும் பதுக்க ஆரம்பிக்கிறாங்க, நெல் தானா விளையிறது நின்னு போகுது, வயலுக்கு எல்லை வருது, எல்லை வந்ததும் திருட்டு வருது. அப்புறம் ஒருத்தரை தேர்ந்தெடுத்து நெல்லுல பங்கு குடுத்து நியாயம் சொல்ல வைக்கிறாங்க, அவர் பேரு மகாசம்மதன், எல்லாரோட சம்மதத்தால வந்தவர்.

நான் எந்த ஒப்பந்தத்துலயும் கையெழுத்து போடலையே, அது எப்படி என்னை கட்டும்?

நல்ல கேள்வி. ஜனங்க தங்களுக்குள்ள ஒப்பந்தம் போட்டுத்தான் இயற்கை நிலையை விட்டு அரசுக்கு வந்தாங்கன்னு ஹாப்ஸும் லாக்கும் சொல்றாங்க, அந்த ஒப்பந்தத்தை பத்தின சந்தேகம் இது. தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748-லயே இதை கேட்டு கதையை கிட்டத்தட்ட முடிச்சு வச்சிட்டாரு. லாக் என்ன சொன்னாருன்னா வாயால சம்மதிக்கலைன்னாலும் நாட்டோட சாலையில நடந்தாலே மறைமுகமா சம்மதிச்ச மாதிரி தான். ஹியூம் பதிலுக்கு, தூங்கிட்டு இருந்தவனை தூக்கிட்டு வந்து கப்பல்ல ஏத்திட்டு, நடுக்கடல்ல "கப்பல்லயே இருக்கியே, அப்போ கேப்டனுக்கு கீழ்ப்படிய சம்மதம் தானே, பிடிக்கலைன்னா குதிச்சுக்கோ"ன்னு சொல்ற மாதிரி இருக்குங்கிறாரு. ஏழை விவசாயிக்கு வேற மொழி தெரியாது, போக காசு இல்ல, அவன் தங்கியிருக்கிறதை சம்மதம்னு எப்படி எடுக்கிறது?

அதனால பின்னாடி வந்தவங்க நிஜ சம்மதத்தை விட்டுட்டாங்க. கான்ட் 1797-ல ஒருத்தரை ஒருத்தர் தவிர்க்க முடியாம பக்கத்துல வாழுறவங்க இயற்கை நிலையை விட்டு வெளியேறியே ஆகணும், அது விருப்பம் இல்ல கடமைன்னு எழுதினாரு. 1971-ல ஜான் ரால்ஸ் பழைய இயற்கை நிலைக்கு பதிலா வேற ஒரு கற்பனையை வச்சாரு, நீ பணக்காரனா ஏழையா, திறமைசாலியா, என்ன மதம் எதுவுமே தெரியாத ஒரு திரைக்கு பின்னாடி நின்னு சமூகத்தோட விதிகளை தேர்ந்தெடு. இதுவும் கழித்தல் கணக்கு தான், ஆனா அரசை கழிக்காம உன்னை பத்தின தகவலை கழிக்கிறாரு. மூணு வருஷம் கழிச்சு ராபர்ட் நோசிக் லாக்கோட இயற்கை நிலையில இருந்தே ஆரம்பிச்சு, காசு குடுத்து அமர்த்திக்கிற பாதுகாப்பு கம்பெனிகள்ல ஒண்ணு தலையெடுத்து யாரோட உரிமையும் மிதிபடாம ஒரு குட்டி அரசா வளரும்னு காட்டப் பார்த்தாரு.

இந்த இயற்கை நிலையில பொம்பளைங்களையே காணோமே?

குழுவுல இதை கேட்டது ஒரு கல்லூரிப் பொண்ணு, அன்னைக்கு மீதி நேரம் முழுக்க இது தான் ஓடுச்சு. விசித்திரம் என்னன்னா மூணு பேர்ல ஹாப்ஸ் தான் இங்க கொஞ்சம் நேர்மை. இயற்கை நிலையில பிள்ளை மேல அதிகாரம் தாய்க்கு தான், ஏன்னா திருமணச் சட்டமே இல்லாதப்போ தகப்பன் யாருன்னு தாய் சொன்னா தான் தெரியும்னு எழுதுறாரு. ஆனா அரசு வந்ததும் குடும்பத்துக்கு தலைவன் ஆம்பளை ஆயிடுறான், நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்லவே இல்ல.

கரோல் பேட்மன் 1988-ல எழுதின புத்தகம் இந்த இடைவெளியில தான் கை வைக்குது, ஆண்கள் தங்களுக்குள்ள சுதந்திர ஒப்பந்தம் போட்டுக்கிறதுக்கு முன்னாடியே பெண்களை கீழ வைக்கிற ஒரு ஒப்பந்தம் சத்தம் இல்லாம நடந்து முடிஞ்சிருக்குங்கிறாங்க. சார்லஸ் மில்ஸ் 1997-ல இதையே இனத்துக்கு சொன்னாரு. ஐரோப்பியர்களுக்கு இயற்கை நிலை ஒரு கற்பனை, ஆனா அமெரிக்காவுலயும் ஆப்பிரிக்காவுலயும் இருந்தவங்களை அவங்க நிஜமாவே அந்த நிலையில வாழுறவங்களா பார்த்தாங்க. மேல சொத்து கேள்வியில பார்த்தது ஞாபகம் இருக்கா, அதே தான். கழிக்கிறவன் தன்னை கழிக்காம எதிர்ல நிக்கிறவனை கழிச்சிடுறான்.

ஹாப்ஸ் சொல்ற மாதிரி யாருமே யாரையும் நம்பலைன்னா, அந்த முதல் ஒப்பந்தத்தையே எப்படி போட்டாங்க?

இது தான் அவர் கோட்டையில இருக்கிற பெரிய ஓட்டை. வாள் இல்லாத ஒப்பந்தம் வெறும் வார்த்தைன்னு அவரே சொல்றாரு. வாள் வரணும்னா ஒப்பந்தம் வேணும், ஒப்பந்தம் நிக்கணும்னா வாள் வேணும். கல்யாணம் ஆனா தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சா தான் கல்யாணம்ங்கிற கதை.

வெளிய வர ரெண்டு வழி சொல்லலாம். ஒண்ணு, ஹாப்ஸே குடுக்கிறது: ஜெயிச்சவன் கழுத்துல கத்தியை வச்சு "கீழ்ப்படியிறியா"ன்னு கேட்கிறான், உயிருக்கு பயந்து சரின்னு சொன்னாலும் அது செல்லுபடியாகுற ஒப்பந்தம் தான்ங்கிறாரு. இங்க வாள் முதல்லயே இருக்கு, அதனால ஓட்டை அடையுது, ஆனா வாசல்ல நின்ன கொள்ளைக்காரனுக்கும் அரசனுக்கும் வித்தியாசம் காட்டத்தானே கிளம்பினோம், அது அடியோட போயிடுது. இன்னொண்ணு ரூசோ போற போக்குல சொன்ன மான் வேட்டை. எல்லாரும் அவங்கவங்க இடத்துல நின்னா மான் கிடைக்கும், ஆனா ஒருத்தன் பக்கத்துல ஓடுற முயலை பாத்து விலகினா மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. இதுல ஏமாத்தினா லாபம் இல்ல, மான் தான் எல்லாருக்கும் பெருசு, தேவை மத்தவனும் நிப்பான்ங்கிற நம்பிக்கை மட்டும். பிரச்சினை இந்த வகைன்னா சின்ன சின்னதா பழகி நம்பிக்கையை வளர்க்கலாம், அரசன் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பொது மேய்ச்சல் நிலம், பாசனத் தண்ணி இதையெல்லாம் ஜனங்களே விதி போட்டு தலைமுறை தலைமுறையா காப்பாத்தினதை எலினார் ஆஸ்ட்ரம் 1990-ல எழுதினாங்க, 2009-ல அவங்களுக்கு பொருளாதார நோபல் கிடைச்சுது.

நாடுகளுக்கு மேல அரசு இல்லையே, அப்போ நாடுகள் இயற்கை நிலையில தானே இருக்கு?

ஆமா, ஹாப்ஸே அதை தான் உதாரணமா காட்டுறாரு. ராஜாக்கள் எல்லாம் வாளை நீட்டிக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் கண்ணு வச்சபடி நிக்கிற கிளாடியேட்டர் மாதிரி, எல்லையில கோட்டை, பீரங்கி, பக்கத்து நாட்டுல ஒற்றன். மேல சொன்ன ரெண்டு குடும்பத்து கத்தி கதையை நாடு அளவுக்கு பெருசாக்கினா ஆயுதப் போட்டி.

அப்போ உலக அரசு வேணும்னு ஏன் சொல்லலைன்னா, அவர் தர்க்கப்படி பாத்தா நாடு தூங்காது, ஒரு ராத்திரியில ஒருத்தன் கத்தியால குத்தி சாகடிக்கவும் முடியாது. எல்லைக்குள்ள ஜனங்க தொழில் பாத்துட்டு இருக்கலாம், அதனால தனி மனுஷங்களுக்கு வர்ற அளவு துன்பம் இதுல வர்றதில்லைன்னு சொல்லிட்டு நகர்ந்துடுறாரு. அவர் காலத்து பீரங்கிக்கு அந்த பதில் சரி. அணுகுண்டு வந்ததுக்கப்புறம் நாடும் ஒரே ராத்திரியில சாகலாம், அதனால அவர் தர்க்கத்தையே பிடிச்சிட்டு போனா அவர் நின்ன இடத்துல நாம நிக்க முடியாதுன்னு எனக்கு தோணுது.

அரசே நம்மளை அடிச்சா? அதுக்கு இயற்கை நிலையே தேவலைன்னு சொல்லலாமா?

ஹாப்ஸ் மாட்டேன்ம்பாரு. எவ்ளோ மோசமான அரசனும் உள்நாட்டுப் போரை விட மேல், அதோட அரசன் உன்னோட ஒப்பந்தம் போடவே இல்ல, நீங்க தான் உங்களுக்குள்ள போட்டு அவனை உக்கார வச்சீங்க, அதனால அவன் ஒப்பந்தத்தை மீறிட்டான்னு சொல்லவே முடியாது. லாக்குக்கு இது கேட்டதும் கோவம் வருது. நரிக்கும் மரநாய்க்கும் பயந்து ஜாக்கிரதையா இருக்கிற மனுஷன், சிங்கம் தின்னா மட்டும் பத்திரம்னு நினைப்பானாங்கிறாரு. இயற்கை நிலையில என் எதிரிக்கு ரெண்டு கை, அரசனுக்கு பட்டாளமே இருக்கு. அவன் என் மேல பாய்ஞ்சா போர் நிலையை ஆரம்பிச்சது அவன் தான், நான் எதிர்க்கலாம்.

ஆனா ஹாப்ஸ்கிட்டயும் ஒரு சின்ன கதவு திறந்து இருக்கு, பலர் கவனிக்கிறதில்ல. உயிரை காப்பாத்திக்கத்தான் அரசை உருவாக்கினோம், அதனால உயிரை காப்பாத்திக்கிற உரிமையை மட்டும் யாராலயும் விட்டுக் குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாரு. அந்த தர்க்கப்படி நியாயமா மரண தண்டனை விதிக்கப்பட்டவன் கூட தூக்கிட்டு போக வர்ற காவலர்களை எதிர்த்து திமிறலாம். அரசனுக்கு கொல்ல உரிமை இருக்கு, இவனுக்கு திமிற உரிமை இருக்கு, ரெண்டும் ஒரே நேரத்துல. அந்த கொட்டடிக்குள்ள அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல திரும்பவும் இயற்கை நிலை தான்.